கொடுத்த படகின் கணக்கு

(திருத்தங்கலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலே இல்லாத ஊரில் கடற்படைப் படகைப் பற்றி ஒருவர் பேசப்போகிறார் என்று அழைப்பிதழைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பீர்கள். அர்ச்சுனா நதி வைப்பாற்றில் சேர்கிறது, வைப்பாறு மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. அதற்கு மேல் திருத்தங்கலுக்கும் கடலுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஆனால் நான் சொல்ல வந்த கதையில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று இயந்திரம். இன்னொன்று வெடிமருந்து. மூன்றாவது, ஒருவர் ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பது. இந்த மூன்றிலும் உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

கடற்படை வரலாறு என்றால் நாம் படிப்பதெல்லாம் போர்க்கதைதான். 1971 டிசம்பரில் கராச்சித் துறைமுகத்தை ஏவுகணைப் படகுகள் தாக்கியதும், விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் வங்கக் கடலில் நின்றதும் பாடப்புத்தகம்வரை வந்துவிட்டன. ஆனால் ஒரு கடற்படையின் அன்றாடம் சின்ன ரோந்துப் படகுகளின் கையில் இருக்கிறது. அவற்றின் பெயர் நாளிதழில் வருவதே அபூர்வம். சேவையில் சேரும் நாளில் ஒரு படம் வரும், விலக்கப்படும் நாளில் இன்னொரு படம் வரும், இடையில் நடந்தது யாருக்கும் தெரியாது. அந்த இடைப்பட்ட கதையைத்தான் இன்று சொல்ல முயல்கிறேன்.

எடுத்துக்கொண்ட பெயர் தர்முக்லி. இந்தியக் கடற்படையில் அந்தப் பெயரில் அடுத்தடுத்து இரண்டு படகுகள் இருந்தன. இரண்டையுமே நாம் வெளிநாடுகளுக்குக் கொடுத்துவிட்டோம். ஒரே பெயர், இரண்டு படகு, மூன்று நாடு. ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதோடு கதை முடிந்துவிடுகிறதா என்று கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெயரும் பிறப்பும்

அந்தமானில் போர்ட் பிளேருக்குத் தென்மேற்கே வண்டூர் என்று ஒரு கடற்கரை. அதற்கு எதிரே மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா. 1983இல் அமைத்தார்கள். அதற்குள் அடங்கிய தீவுகளில் ஒன்று தர்முக்லி. காடும் சதுப்பும் பவளப் பாறையும் நிறைந்த இடம். சிறிய ரோந்துப் படகுகளுக்கு நாட்டின் தீவுகளின் பெயரை வைப்பது நம் கடற்படையில் வழக்கமாகிவிட்டது. அப்படி 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் நான்கு படகுகள் சேவைக்கு வந்தன: டிரிங்கட், தில்லஞ்சாங், தராசா, தர்முக்லி. முதல் மூன்றும் நிக்கோபார்த் தீவுகளின் பெயர்கள்.

நான்கையும் கட்டியது கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளம். ஹூக்ளி ஆற்றங்கரையில் 1884இல் சின்னப் பட்டறையாகத் தொடங்கி, 1960இல் அரசின் கைக்கு வந்த நிறுவனம். சுதந்திர இந்தியா தானே கட்டிய முதல் போர்க்கப்பலான ஐ.என்.எஸ். அஜய் 1961இல் அங்கிருந்துதான் வந்தது. அதுவும் பெரிய நாசகாரிக் கப்பல் அல்ல, கரையோரக் காவல் படகு. அந்த அஜய் என்ன ஆயிற்று தெரியுமா? 1974இல் வங்கதேசத்துக்குக் கொடுக்கப்பட்டு ‘சுர்மா’ ஆயிற்று. அதே வகுப்பைச் சேர்ந்த அக்ஷய் அதற்கு முந்தைய ஆண்டே போய் ‘பத்மா’ ஆகியிருந்தது. இன்னொரு படகான அமர் 1974இல் மொரீஷியசுக்குப் போனது. ஆக, நாமே கட்டிய முதல் போர்க்கப்பலையே நாம் கொடுத்திருக்கிறோம். தர்முக்லி அந்த வரிசையில் பின்னால் வந்தது.

நம் ஊர்க்காரர்களுக்குக் கல்கத்தா புதிதல்ல. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததால்தான் இந்த வட்டாரம் இன்றைய நிலைக்கு வந்தது.

ரோந்து என்னும் வேலை

முதல் தர்முக்லி சுமார் 46 மீட்டர் நீளம், 260 டன் எடை. இரண்டு பக்கமும் ஜெர்மனியின் எம்.டி.யூ. நிறுவன வடிவமைப்பிலான டீசல் இயந்திரம், ஒவ்வொன்றிலும் பதினாறு சிலிண்டர். முன்தளத்தில் ஒரு 30 மில்லிமீட்டர் பீரங்கி. உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 30 கடல்மைல். நம் கணக்கில் மணிக்கு 55 கிலோமீட்டர். விருதுநகர்ச் சாலையில் டவுன் பஸ் போகிற வேகம்தானே என்று நினைப்பீர்கள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு 260 டன் அந்த வேகத்தில் போவது வேறு விஷயம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கப்பலின் வேகத்தை இரண்டு மடங்கு ஆக்க வேண்டுமானால் இயந்திரத்தின் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்கு தேவைப்படும். எண்ணெயும் அதே விகிதத்தில் கரையும். ஆகவே ரோந்துப் படகு தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மெதுவாகவே ஓட்டுகிறது. 12 கடல்மைல் வேகத்தில் போனால் இந்த வகைப் படகு ஒருமுறை நிரப்பிய எண்ணெயில் ஏறத்தாழ 2000 கடல்மைல் போகும். அது ஏழு நாள் ஓட்டம். துரத்த வேண்டிய அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் 30 கடல்மைலை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். காத்திருப்பதும், உற்றுப் பார்ப்பதும், எதிர்ப்படும் படகிடம் பெயரும் ஊரும் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவதும்தான் ரோந்து. சண்டை வந்தால் அது விதிவிலக்கு.

இனி மருந்துக்கு வருகிறேன். இங்கே பட்டாசு ஆலையில் ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். மருந்துக் கலவை ஒரு பக்கம், திரி ஒரு பக்கம், காய்ந்த சரக்கு ஒரு பக்கம் இருக்க வேண்டும். விபத்து நடந்தாலும் ஒரு அறையோடு போகட்டும் என்பதே அந்த விதியின் உயிர். அதை மீறியதன் விலை என்னவென்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 46 மீட்டர் படகில் இடைவெளிக்கு எங்கே போவது? ஆட்கள், ஆயிரக்கணக்கான லிட்டர் டீசல், சூடான இயந்திரம், பீரங்கிக் குண்டு எல்லாம் ஒரே இரும்புக் கூட்டுக்குள். தூரம் செய்கிற வேலையை அங்கே தண்ணீர் செய்ய வேண்டும். குண்டுகள் வைக்கும் அறைக்குள் தண்ணீர் பாய்ச்சத் தனிக் குழாய் இருக்கும். அறையின் வெப்பநிலையைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். சாவி யாரிடம், எப்போது திறந்தார்கள் என்பதற்கும் ஏடு உண்டு. உங்கள் ஆலையின் போர்மேன் அந்தப் படகில் ஏறினால், அரை மணி நேரத்தில் எது எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொரு பொருளும் படகில் உண்டு. உயிர்காப்புச் சமிக்ஞை வாணம். ஆபத்தில் சிக்கியவர் மேலே விடும் பாராசூட் வாணம் குறைந்தது 300 மீட்டர் உயரம் எழும்ப வேண்டும், 40 வினாடி எரிய வேண்டும், அதன் ஒளி 30,000 கேண்டெலா இருக்க வேண்டும் என்று சர்வதேசக் கடற்பாதுகாப்பு விதி சொல்கிறது. கையில் பிடிக்கும் தீவட்டி ஒரு நிமிடம் எரிய வேண்டும், தண்ணீரில் முக்கி எடுத்தாலும் அணையக் கூடாது. நிறம் சிவப்பு. அந்தச் சிவப்பைக் கொடுப்பது ஸ்ட்ரான்ஷியம் உப்பு. தீபாவளி வாணத்துக்குச் சிவப்பு கொடுப்பதும் அதே உப்புதான். இங்கே அது கொண்டாட்டம், கடலில் அது கூப்பிடு குரல்.

விக்டோரியா துறைமுகம்

முதல் தர்முக்லி இந்தியக் கொடியின் கீழ் ஓடியது மூன்று நான்கு ஆண்டுகள்தான். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. டிரிங்கட் படகுக்குப் பெயர் கொடுத்த நிக்கோபார்த் தீவு அந்த அலையில் துண்டாகிப் போனது. அலை ஆப்பிரிக்கக் கரைவரை சென்றது. அது ஓய்ந்து சில வாரங்களில், 2005 பிப்ரவரியில், தர்முக்லி செஷல்ஸ் நாட்டுக்குக் கொடுக்கப்பட்டது. அங்கே அதன் பெயர் ‘டோபாஸ்’. புஷ்பராகக் கல்.

பழைய படகைத் தள்ளிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அது ஏறக்குறைய புதுப் படகு. இவ்வளவு அவசரம் ஏன்? சீனா அந்தத் தீவு நாட்டுக்கு உதவ முன்வருவதற்குள் இந்தியா முந்திக்கொண்டது என்று பாதுகாப்புத் துறை எழுத்தாளர்கள் சிலர் காரணம் சொல்கிறார்கள். இருக்கலாம். நாடுகள் வெறும் பாசத்தால் போர்ப் படகு கொடுப்பதில்லை.

வாங்கிக்கொண்ட நாட்டையும் பார்க்க வேண்டும். செஷல்ஸ் என்பது 115 தீவுகள். மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம், அதாவது நம் சிவகாசி மாநகராட்சிக்குள் அடங்கிவிடும். ஆனால் கடற்கரையிலிருந்து 200 கடல்மைல்வரை ஒரு நாட்டுக்குப் பொருளாதார உரிமை என்ற சட்டப்படி அவர்களுக்கு உள்ள கடற்பரப்பு 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு. அத்தனை கடலையும் ஒரு கையளவு படகுகளை வைத்துக்கொண்டு காக்க வேண்டும். சூரை மீனும் சுற்றுலாவும்தான் அவர்களுடைய சோறு. தலைநகரான விக்டோரியாவின் துறைமுகத்தில் உலகின் பெரிய சூரைமீன் பதனிடும் ஆலைகளில் ஒன்று இருக்கிறது. கடல் பாதுகாப்பாக இல்லை என்றால் அங்கே உலை கொதிக்காது.

நமக்கும் அந்தத் தீவுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1770 ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்கள் முதல் குடியேற்றத்தைக் கொண்டுபோய் இறக்கியபோது, வந்தவர்களில் ஐந்து பேர் தென்னிந்தியர்கள்.  பின்னர் புதுச்சேரி, காரைக்கால், தஞ்சைப் பக்கத்திலிருந்து வணிகர்கள் போனார்கள். இன்று விக்டோரியாவின் நடுவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள்.

கொள்ளையரும் டோபாசும்

2008க்குப் பிறகு ஏடன் வளைகுடாவில் பல நாட்டுக் கடற்படைகள் காவலுக்கு நின்றன. சோமாலியக் கொள்ளையர்கள் தெற்கே நகர்ந்து செஷல்ஸ் கடலுக்கு வந்தார்கள். கையில் தானியங்கித் துப்பாக்கி, தோளில் ராக்கெட் குண்டு, கப்பலின் விளிம்பில் மாட்டி ஏற ஒரு ஏணி. பிடித்த கப்பலையும் மாலுமிகளையும் பணயமாக வைத்துப் பணம் கேட்பது அவர்கள் தொழில். பணயக் கைதிகளில் இந்திய மாலுமிகளும் பலர் இருந்தார்கள்.

2009 டிசம்பர் தொடக்கத்தில் ரோந்தில் இருந்த டோபாசை நோக்கிக் கொள்ளையர் படகு ஒன்று பாய்ந்து வந்து சுட்டது. சரக்குக் கப்பல் என்று நினைத்துத்தான் நெருங்கியிருக்க வேண்டும். எதிரே இருந்ததோ 30 மில்லிமீட்டர் பீரங்கி. கடைசியில் பதினொரு பேர் பிடிபட்டார்கள். அந்தக் காலத்தில் பெரிய நாடுகளே, பிடித்த கொள்ளையரை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் பலமுறை விடுவித்து அனுப்பிக்கொண்டிருந்தன. செஷல்ஸ் அப்படி விடவில்லை. தன் உச்ச நீதிமன்றத்திலேயே வழக்கு நடத்தியது. 2010 ஜூலையில் பதினொரு பேருக்கும் தலா பத்தாண்டுச் சிறை. உலகின் மிகச் சிறிய நாடுகளில் ஒன்று, ஒரு படகையும் ஒரு நீதிமன்றத்தையும் வைத்துக்கொண்டு செய்த காரியம் அது.

அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2010 மார்ச் கடைசியில், இன்னொரு சம்பவம். செஷல்ஸ் மீனவர்கள் ஆறு பேர் கடத்தப்பட்டார்கள். அதற்கு முன்பே கடத்தப்பட்டிருந்த ஈரானியப் படகு ஒன்றில் அவர்களையும் ஏற்றிச் சோமாலியா பக்கம் கொண்டுபோனார்கள். அந்தப் படகில் இருபத்தொரு ஈரானிய மாலுமிகள் ஏற்கெனவே பணயம். டோபாஸ் வழிமறித்தது. முதலில் எச்சரிக்கைச் சூடு. நிற்கவில்லை. பிறகு இயந்திரத்தைக் குறிபார்த்துச் சுட்டார்கள். ஈரானியப் படகு தீப்பிடித்தது. கைதிகளும் கொள்ளையரும் கடலில் குதித்தார்கள். டோபாஸ் இருபத்தேழு கைதிகளையும் உயிரோடு தூக்கிக்கொண்டது. திரும்பும் வழியில் வேறொரு கொள்ளைக் கூட்டம் தாய்ப்படகோடும் சிறு படகுகளோடும் வந்து டோபாசைத் தாக்கியது. பதிலுக்குச் சுட்டதில் தாய்ப்படகும் ஒரு சிறு படகும் மூழ்கின. ஒன்று தப்பி ஓடியது.

கொஞ்சம் நின்று யோசித்தால் இதில் எத்தனை நாடு கலந்திருக்கிறது என்பது தெரியும். கொல்கத்தாவில் கட்டிய படகு. ஜெர்மன் வடிவமைப்பு இயந்திரம். தெலங்கானாவின் மேடக்கில் செய்த பீரங்கி. ஓட்டியவர்கள் செஷல்ஸ் மாலுமிகள். உயிர் தப்பியவர்களில் பெரும்பாலோர் ஈரானியர். இந்தியாவில் கடற்படையினர் தவிர யாருக்கும் இந்தச் செய்தி தெரியாது. நம் வரிப்பணத்தில் கட்டிய படகு இருபத்தேழு பேரை மீட்டது என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் சொல்லித்தரவில்லை.

கொடுத்த பிறகு

சண்டை ஒரு நாள் நடக்கும். உப்பு ஒவ்வொரு நாளும் தின்னும். ரோந்துப் படகின் உண்மையான எதிரி உப்பு. இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சுகிறார்கள். அந்த நீர் போகும் குழாய் அரிக்கும். வடிகட்டியில் பாசியும் சிப்பியும் அடைக்கும். படகின் அடித்தளத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி வைப்பார்கள். அரிப்பு முதலில் துத்தநாகத்தைத் தின்னும், இரும்பு பிழைக்கும். அந்தக் கட்டி தேய்ந்ததும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அடுத்த பலி படகுதான். அடிப்பகுதியில் சிப்பி ஒட்டினால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு ஏறும். சில ஆண்டுக்கு ஒருமுறை உலர் தளத்தில் ஏற்றிச் சுரண்டி வர்ணம் அடிக்க வேண்டும். பதினாறு சிலிண்டர் இயந்திரத்தைக் குறிப்பிட்ட மணி நேரம் ஓடியபின் முழுவதுமாகப் பிரித்துக் கோக்க வேண்டும்.

சின்னத் தீவு நாட்டில் இதற்கெல்லாம் வசதி ஏது? ஆகவே படகோடு உதிரிப் பாகமும் போக வேண்டும், பயிற்றுநரும் போக வேண்டும். பெரிய பழுதென்றால் படகே இந்தியாவுக்கு வர வேண்டும். இதே வழியில் கொடுத்த படகுகள் விசாகப்பட்டினம் கடற்படைத் தளத்துக்கு வந்து பழுது பார்த்துப் போயிருக்கின்றன.

சிவகாசி அச்சகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் ஒருவர் இருபது ஆண்டு ஓட்டிவிட்டு விற்ற ஆப்செட் மிஷினை இங்கே வாங்கிவந்து இன்னும் இருபது ஆண்டு ஓட்டுகிறார்கள். அது ஓடுவது வாங்கிய விலையால் அல்ல, ரோலரைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்துத் தெருவில் இருப்பதால். மெக்கானிக் இல்லாத ஊருக்கு அதே மிஷினை இலவசமாகக் கொடுத்தாலும் ஆறு மாதத்தில் துருப்பிடித்து நிற்கும். படகும் அப்படித்தான். கொடுத்த நாளில் எடுக்கும் படத்துக்கு மாலை போட்டு வைக்கலாம். கொடுத்ததன் தரம் ஐந்தாவது ஆண்டில், பத்தாவது ஆண்டில் அது ஓடுகிறதா என்பதில் இருக்கிறது.

இந்த விஷயத்தில் இந்தியா ஓரளவு தொடர்ச்சியைக் காட்டியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். டோபாஸ் போன பிறகு 2013இல் ஒரு டோர்னியர் கண்காணிப்பு விமானம் செஷல்சுக்குப் போனது. 2014 நவம்பரில் தராசாவும் அங்கே போய் ‘கான்ஸ்டன்ட்’ ஆனது. 2021இல் அதே கார்டன் ரீச் தளத்தில் புதிதாகவே கட்டிய ‘ஜொராஸ்டர்’ போனது.

இரண்டாம் தர்முக்லி

பழைய பெயரைப் புதுப் படகுக்கு வைப்பது கடற்படை மரபு. 2016 மே 23 அன்று விசாகப்பட்டினத்தில் இரண்டாவது தர்முக்லி சேவையில் சேர்ந்தது. 48 மீட்டர், 320 டன். பழையதில் சுழலும் விசிறி தள்ளும், புதியதில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜெட் தள்ளும். நான்கு அதிகாரிகள், நாற்பத்தொரு மாலுமிகள். கிழக்குக் கடற்கரையில் ஏழு ஆண்டு வேலை. 2023 மே 2 அன்று மாலே நகரில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் அதை மாலத்தீவுக்கு ஒப்படைத்தார். அங்கே அதன் பெயர் ‘ஹுராவீ’.

அதுவும் புதுப் பெயர் அல்ல. 2006 ஏப்ரலில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் பிரணாப் முகர்ஜி மாலத்தீவுக்குக் கொடுத்த தில்லஞ்சாங் படகுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் ஹுராவீ. உழைத்து ஓய்ந்த அந்தப் படகின் இடத்துக்குத்தான் இரண்டாம் தர்முக்லி போனது. கொல்கத்தாவில் ஒரு பெயர் திரும்பி வருகிறது, மாலேயில் இன்னொரு பெயர் திரும்பி வருகிறது.

மாலத்தீவுக்கும் நமக்கும் ஒரு கசப்பான தமிழ்த் தொடர்பும் உண்டு. 1988 நவம்பர் 3 அன்று அங்கே ஆட்சியைக் கவிழ்க்கக் கூலிக்குப் போனவர்கள் ஈழத்து இயக்கம் ஒன்றைச் சேர்ந்த ஆயுததாரிகள். இந்தியப் படை இறங்கி முறியடித்தது. கப்பலில் தப்பியவர்களை நம் கடற்படைக் கப்பல்களான கோதாவரியும் பெட்வாவும் நடுக்கடலில் மடக்கின. அந்த நன்றி முப்பது ஆண்டுக்குப் பின் எவ்வளவு மீதி இருந்தது? 2023 மே மாதம் படகு போனது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், இந்திய ராணுவத்தினர் வெளியேற வேண்டும் என்று சொன்ன அதிபர் அங்கே தேர்தலில் வென்றார். கொடுத்த ஹெலிகாப்டர்களையும் விமானத்தையும் இயக்கிய ராணுவத்தினர் 2024 மே மாதத்துக்குள் திரும்பினார்கள், அவர்கள் இடத்தில் சிவில் ஆட்கள் போனார்கள். படகு அங்கேயே இருக்கிறது. கொடுத்த பொருள் நட்பைக் காப்பாற்றும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தங்கால் கதை

கொடுத்ததோடு கதை முடிவதில்லை என்பது இந்த ஊருக்குப் புதுச் செய்தி அல்ல. சிலப்பதிகாரத்தின் கட்டுரைக் காதையில் நம் திருத்தங்கல் ‘தங்கால்’ என்ற பெயரில் வருகிறது. சேரனிடம் பரிசு பெற்றுத் திரும்பிய பராசரன் என்னும் அந்தணன் இங்கே தங்குகிறான். பிழையில்லாமல் வேதம் ஓதிய ஒரு சிறுவனுக்குத் தன்னிடம் இருந்த அணிகலன்களை மகிழ்ந்து கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். கொடுத்தவன் வேலை முடிந்தது. வாங்கியவன் வீட்டில் விபரீதம் தொடங்குகிறது. இவர்களுக்கு ஏது இத்தனை நகை என்று சந்தேகப்பட்டு, சிறுவனின் தந்தை வார்த்திகனை அரசு ஆட்கள் சிறையில் போடுகிறார்கள். அவன் மனைவி கார்த்திகை கதறுகிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் விசாரித்து, பிழையை உணர்ந்து, வார்த்திகனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் அவனுக்கே வழங்குகிறான். கொடுப்பது ஒரு நொடி, அதன் விளைவு ஒரு காதை. இளங்கோவடிகள் அதற்குத் தேர்ந்தெடுத்த ஊர் இது.

அந்த ஊரில் நின்றுகொண்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு அரைகுறையாகும். ரோந்துப் படகு என்றதும் தமிழ்நாட்டு மக்கள் மனத்தில் வருவது செஷல்சும் அல்ல, மாலேயும் அல்ல. ராமேசுவரம், ஜெகதாப்பட்டினம், நாகப்பட்டினம். இலங்கையோடு செய்த 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்களுக்குப் பிறகு பாக் நீரிணையில் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையால் பிடித்துச் செல்லப்படும் மீனவர்கள். அங்கே ரோந்துப் படகு என்பது பயத்தின் பெயர்.

இந்தியா இலங்கைக்கும் கொடுத்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் கட்டிய ஐ.என்.எஸ். சரயு 2000 டிசம்பரில் இலங்கைக்குப் போய் ‘சயுர’ ஆனது, அந்நாட்டுக் கடற்படையின் கொடிக்கப்பலாக விளங்கியது. நம் கடலோரக் காவல்படையின் ‘வராகா’ அங்கே ‘சாகர’ ஆனது. இவை ஆழ்கடல் கப்பல்கள். நம் மீனவரைப் பிடித்தவை இவைதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2007இல் விடுதலைப் புலிகளின் ஆயுதக் கப்பல்களை இலங்கைக் கடற்படை ஆழ்கடலில் அழித்த நடவடிக்கைகளில் சயுர இருந்தது. அதை வரவேற்றவர்களும் உண்டு, வெகுண்டவர்களும் உண்டு. இந்த அவையிலேயே இரு தரப்பாரும் இருப்பீர்கள். என் வாதம் அதற்கு அப்பால் இருக்கிறது. சரயுவைக் கட்டியபோதும் கொடுத்தபோதும் அது யாருக்கு எதிராக ஓடும் என்று இந்திய மக்களிடம் யாரும் பேசவில்லை. ஓடிய பிறகும் யாரும் கணக்குச் சொல்லவில்லை.

ஒரே மாதிரிப் படகு ஓரிடத்தில் மீனவரை மீட்கிறது, இன்னோரிடத்தில் மீனவரைத் துரத்துகிறது. வித்தியாசம் இரும்பில் இல்லை. அதை வைத்திருக்கும் நாட்டின் சட்டத்திலும், கொடுத்த நாடு கேட்கும் கேள்வியிலும் இருக்கிறது. கொடுத்தவன் கேட்பதை நிறுத்திவிட்டால், கொடுத்ததற்குப் பொறுப்பையும் கைகழுவியதாகத்தான் அர்த்தம்.

இரண்டு வேண்டுகோள்

ஆகவே இரண்டு வேண்டுகோளோடு முடிக்கிறேன்.

முதலாவது அரசுக்கு. இந்தியா வெளிநாடுகளுக்குக் கொடுத்த ஒவ்வொரு படகுக்கும் ஒரு பணிவரலாறு எழுதி வெளியிட வேண்டும். எப்போது கட்டினோம், எவ்வளவு செலவு, எப்போது கொடுத்தோம், எத்தனை முறை பழுது பார்த்தோம், அது யாரைக் காத்தது, யாரைப் பிடித்தது, கடைசியில் என்ன ஆனது. ரகசியம் காக்க வேண்டியதைக் காத்துக்கொள்ளட்டும். 1974இல் கொடுத்த அஜயின் கதையில் இன்று என்ன ரகசியம் இருக்கப்போகிறது? நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் ஒரு கேள்வி போட்டால் இது தொடங்கிவிடும்.

இரண்டாவது இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு. ராஜாக்களின் வரலாறு எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். இயந்திரத்தின் வரலாறு எழுத ஆள் இல்லை. உங்கள் தெருவில் ஒரு பழைய அச்சு இயந்திரம் இருக்கும், தீக்குச்சிக்கு மருந்து தோய்க்கும் எந்திரம் இருக்கும், பேப்பர் வெட்டும் கட்டிங் மிஷின் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எங்கே செய்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, யார் பழுது பார்த்தார்கள், யாருடைய விரலை எடுத்தது, எத்தனை குடும்பத்துக்குச் சோறு போட்டது என்று கேட்டு எழுதுங்கள். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இந்தக் கூட்டத்திலேயே சிலர் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் என்னைப் போன்ற வெளியாளைக் கூப்பிடுவதற்குப் பதிலாக, அப்படி எழுதிய ஒரு மாணவரைப் பேசச் சொல்லுங்கள் என்று அறக்கட்டளையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.